லோர்ன் ஹலுஷ்காவின் இருநூற்று அறுபதாவது ஆட்டம்

சஸ்காச்சுவான் சமவெளியில் வில்லோ ஃபோர்க் என்ற ஊரில் பிறக்கிறவர்கள் நடக்கப் பழகிய கையோடு பனியில் சறுக்கவும் பழகிவிடுவார்கள். லோர்ன் ஹலுஷ்காவும் பழகினான். அதற்குப் பிறகு அவன் வேறெதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐஸ் ஹாக்கிதான் அவனுக்குத் தொழில். பதினோரு வருடத்தில் ஒன்பது அணிகள். வேண்டாத விருந்தாளிக்கு அடுத்த வீட்டைக் காட்டி அனுப்புவதுபோல ஒவ்வொரு அணியும் அவனை அடுத்த அணிக்குத் தள்ளிவிட்டது. ஒருமுறை அவனைக் கொடுத்ததற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று பத்திரிகையில் போட்டார்கள்: "பின்னர் தீர்மானிக்கப்படும்." பின்னர் யாரும் தீர்மானிக்கவில்லை. அவனைக் கொடுத்த அணியும் ஞாபகப்படுத்தவில்லை.

கோல் போட வராது. வேகமும் கிடையாது. எதிராளியை ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோடு சேர்த்து இடிப்பான். கையுறையை உதறிவிட்டுச் சண்டைக்கு நிற்பான், நின்று வாங்கிக்கொள்வான். முன்பற்கள் நான்கு அப்படித்தான் போயின. பாதி ஆட்டங்களுக்கு அவனை இறக்கவே மாட்டார்கள். கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு மேல்வரிசையில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்பான்.

ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. 1984 பிப்ரவரியில் பெரிய லீக் அணி ஒன்றில் மூன்று பேர் காய்ச்சலில் படுத்துவிட, அவசரத்துக்கு இவனைக் கூப்பிட்டார்கள். ஒரே ஓர் ஆட்டம். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு மனிதன் பதினோரு வருடம் பேசினான். பேருந்தில் பேசினான், உடைமாற்றும் அறையில் பேசினான், பல் கட்ட வந்த மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டே பேசினான். ஆட்கள் மாறி மாறிப் பனியில் இறங்கும் ஆட்டம் அது; முதலில் மூன்று முறை இறங்கி ஆடினேன் என்றான். பிறகு ஆறு முறை ஆயிற்று. கடைசியில் பதினொன்றில் வந்து நின்றது. வில்லோ ஃபோர்க்காரர்கள் அன்று அவன் போட்டிருந்த பெரிய லீக் சட்டையை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஊர் அரங்கில் மாட்டினார்கள்.

1995 செப்டம்பரில் பயிற்சியாளர் மெக்கில்வரி அவனை அறைக்குள் கூப்பிட்டார். அது சின்ன லீக். அங்கே ஒரு சட்டம் உண்டு. சீசன் தொடங்கும் நாளில் எல்லா லீக்கும் சேர்த்து இருநூற்று அறுபது ஆட்டத்தைத் தொட்டுவிட்டவன் 'மூத்தவன்'. ஓர் அணியில் மூத்தவர்கள் நான்கு பேருக்கு மேல் கூடாது.

"ஹலுஷ், உக்காருப்பா. உன் ஆட்டக் கணக்கு அட்டை வந்திருக்கு. கரெக்டா இருநூத்தி அறுபது."

"சரி கோச்."

"என்ன சரி? எங்கிட்ட ஏற்கெனவே நாலு கிழவனுங்க இருக்கானுங்க. அஞ்சாவது கிழவன வச்சு நான் என்ன பண்ண?"

"இருநூத்தி அம்பத்தொம்பதா இருந்தா?"

"இருந்தா நீ பச்சப்புள்ள. வருஷம் பூரா இங்கயே கெட. ஆனா அட்டைய நிரப்பினது நீதானே? கையெழுத்தும் உன்னுதுதான். பெரிய லீக்ல ஒண்ணு, மத்த லீக்ல இருநூத்தி அம்பத்தொம்பது."

லோர்னுக்கு வயது முப்பத்து மூன்று. கூப்பிட வேறு அணி இல்லை. இந்த இடமும் போனால் ஊருக்குத் திரும்பித் தானியக் கிடங்கில் கோதுமை அள்ள வேண்டியதுதான்.

உண்மை என்னவென்றால், அன்றைக்கு அவன் ஆடவே இல்லை. ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றும் நேரத்தில், புதியவனுக்குச் செய்யும் வழக்கப்படி மற்றவர்கள் பின்தங்கி நின்று அவனை மட்டும் பனியில் இறக்கிவிட்டார்கள். தலைக்கவசம் இல்லாமல், தலைமுடி பறக்க, தன்னந்தனியாக இரண்டு சுற்று வந்தான். அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்தவன் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. ஆட்டத்தில் பனிமேல் கால் வைக்காதவன் எந்தக் கணக்கிலும் ஆடியவன் ஆகமாட்டான். அதை ஆடியதாக எழுதிக்கொண்ட பெருமைதான் இப்போது அவன் கழுத்தைப் பிடித்தது.

"கோச்," என்றான். "அந்த ஒண்ண அடிச்சிருங்க."

மெக்கில்வரி அவனை மேலும் கீழும் பார்த்தார். "பஸ்ல என் காது புளிக்கப் புளிக்கச் சொன்னியே, அந்த ஒண்ணா?"

"அந்த ஒண்ணுதான்."

"த்தூ," என்றார் மெக்கில்வரி. பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டாயிற்று. திருத்தம் லீக் அறிக்கையில் வரும். அதை ஊர்ப் பத்திரிகையும் போடும். அதற்குள் அவனே சொல்லிவிடுவது நல்லது என்று, ஊர் அரங்கில் பனித்தரையைச் சீராக்கும் வண்டி ஓட்டும் தோர்வால்டுக்குத் தொலைபேசி செய்தான். சொல்லி முடிப்பதற்குள் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

"இதுக்கா இவ்ளோ மூச்சு வாங்குற?" என்றார் தோர்வால்ட். "எங்களுக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு ஓட்டல்ல டிவி முன்னாடி ஊரே உக்காந்திருந்துச்சு. மூணு பீரியடும் கண்ணு கொட்டாம பாத்தோம். பெஞ்சுக் கதவு தொறக்கறப்பல்லாம் நீ பாதி எந்திரிப்ப. அந்த டீம் கோச்சு உன் பக்கத்துல இருக்கறவன் தோளத் தட்டி எறக்குவான். நீ திரும்ப உக்காருவ. என் பொண்டாட்டி எந்திரிச்சு வெளிய போயிட்டா, பாக்க முடியலன்னு."

பதினோரு வருடமாக லோர்ன் ஒவ்வொரு கோடையிலும் அந்த ஓட்டலிலேயே, அதே ஆட்களுக்கு முன்னால், ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு கூட்டிக் கூட்டிச் சொல்லியிருக்கிறான். அவர்களும் காப்பியைக் குடித்தபடி தலையாட்டியிருக்கிறார்கள்.

"அப்புறம் ஏன் சட்டைய மாட்டினீங்க?"

"நம்மூர்ல வேற எவன் அத உடம்புல போட்டான்? அது அங்கயே கெடக்கட்டும், விடு." தோர்வால்ட் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு மட்டும் எங்களுக்குப் புரியல. பதினோரு தடவ எறங்கினேன்னு அளந்த. எதிர் டீம் நட்சத்திர ஆட்டக்காரன செவத்தோட சேத்து நசுக்கினேன்ன. அவ்ளோ அளந்தவன், ஒரு கோலாச்சும் போட்டேன்னு ஏன்டா சொல்லல?"



"அது பொய்யாயிடுமே," என்றான் லோர்ன்.