சோப்புப் படாத கேத்தில்

லண்டனுக்குப் படிக்க வந்த புதிதில், சீனத் தோழி ஒருத்தி தன் பெரியம்மா நடத்தும் பாரம்பரியத் தேநீர்க் கடைக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஒரு மண் கேத்திலிலிருந்து சின்னச் சின்னக் கோப்பைகளில் பெரியம்மா தேநீர் ஊற்றித் தந்தா. பாலில்லை, சீனியில்லை, அந்த வாசத்துக்காகவே ஐந்து கோப்பை குடித்தேன்.

குடித்ததைக் கழுவி வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கோப்பைகளோடு அந்தக் கேத்திலையும் தூக்கிப்போய்ச் சோப்பை எடுத்தேன். பெரியம்மா ஓடிவந்து கையைப் பிடித்தா.

"முப்பது வருடமாக இதில் சோப்புப் பட்டதில்லை" என்று வெறும் சுடுதண்ணியை அதில் ஊற்றித் தந்தா. தேயிலை போடாத தண்ணி தேத்தண்ணியாய் மணந்தது! முப்பது வருடமாக மண்ணில் ஊறிய வாசத்தையல்லவா சோப்புப் போட்டு அழிக்கப் பார்த்தேன்!

இப்போது யார் வீட்டிலும் "கழுவலாமோ?" என்று கேட்டுத்தான் கை வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மாவிடம் சொன்னேன். "எங்கட மீன்சட்டிக்கே சோப்புப் போடுறேல்லை. இது தெரியாமலோ லண்டனுக்குப் படிக்கப் போனனீ?" என்றா.