மூணு சுழி

தமிழில் பிழை கண்டால் எனக்குப் பொறுக்காது. அந்தக் கொழுப்புதான் என் அண்ணனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அப்போது எனக்கு வேலை. நாள் முழுக்க மெஷின் சத்தம், விரலெல்லாம் ரிப்பன் மை. அதைவிடச் சந்தோஷமாக நான் பிறகு எங்கும் வேலை பார்த்ததில்லை. நகராட்சித் தலைவர் கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் சிபாரிசுக் கடிதங்கள் எங்களிடம்தான் வரும். அவர் கைப்பட எழுதிய தாளைப் பார்த்து லெட்டர் பேடில் அடிப்பேன். படிக்காமலே கையெழுத்துப் போடுவார். எல்லாக் கடிதமும் "ஆவன செய்யவும்" என்று முடியும். எப்போதாவது ஒன்றில் மட்டும் 'ஆவண' என்று மூணு சுழி விழுந்திருக்கும். இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சிரித்துக்கொண்டு அப்படியே அடிப்பேன். ஊரான் பிழை எனக்கென்ன?

அண்ணன் தேர்தலில் தலைவருக்குப் போஸ்டர் ஒட்டப் பசை வாளி தூக்கியவன். தலைமுடியெல்லாம் பசையோடு வந்து நிற்பான். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போயிருந்த சமயம் அது. நகராட்சியில் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் வேலை கிடைத்தால் அம்மாவை விட்டுப் போகவேண்டாம் என்று அதையே நம்பிக் கிடந்தான். ஒருநாள் அவன் பெயர் போட்ட தாளும் வந்தது. அதிலும் மூணு சுழி. என் அண்ணன் கடிதத்தில் பிழையா? ரெண்டு சுழி 'ன' போட்டு, ஓரம் பிசகாமல் அடித்துக் கொடுத்தேன். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்களை அன்று நான் நினைக்கவே இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை வேறு ஆளுக்குப் போனது. கார்பன் நகலை எடுத்துக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனேன். தலைவர் தாளில் இருந்த பிழையைக்கூடத் திருத்தித்தான் அடித்தேன் என்றேன். பியூன் நகலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீதானே அடிச்சே? தலைவரு கேக்குறவங்க எல்லாருக்கும் லெட்டர் குடுத்துடுவாரு. இல்லேன்னா கட்சியில இருக்க முடியுமா? மூணு சுழி இருந்தாத்தான் நெசமாவே வேலை குடுக்கச் சொல்றாருன்னு அர்த்தம். ரெண்டு சுழின்னா கட்டி மூலையில போட்டுடுவாங்க."

"இப்ப மாத்தி அடிச்சுத் தரட்டுங்களா?"

"ஆள் சேந்தாச்சும்மா. விடு. உங்க அண்ணனுக்குச் சுழி சரியில்லே."

வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. "எனக்குக் கொடுப்பினை இல்லே" என்று அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னபோதும் திறக்கவில்லை. ஆறே மாதத்தில் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான்.

அங்கிருந்து வரும் கடிதம் முழுக்கப் பிழை. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன். "டீச்சரம்மா" என்று கேலி செய்து பதில் எழுதுவான். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மூன்றாம் வருஷம் அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். மகன் வந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, கடிதம்தான் வந்தது.

"அம்மா கண் விஷயமாக நீயே கூட இருந்து ஆவண செய்யவும்." அந்த மூணு சுழியை மட்டும் நாலைந்து முறை அழுத்தி எழுதியிருந்தான். கீழே இன்னொரு வரி: "நான் கிளம்புவதற்கு முன்பே பியூன் எல்லாம் சொல்லிவிட்டார். நீ அழாதே."

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன எழுதியிருக்கான்? வர்றானாமா?"

என்னால் படித்துக் காட்ட முடியவில்லை.