நான் குப்பையில் போட்ட டப்பா

அமலியின் டப்பாவைக் குப்பையில் போட்டவள் நான்தான். போட்டுவிட்டு, கொண்டுபோய்க் கொடுத்ததாகப் பொய் சொன்னேன். சோதனையில் ஒன்றும் இல்லை என்று அடுத்த பொய்யையும் சொன்னேன்.

அமலி என் வீட்டுக்காரரின் தங்கை. கட்டினவர் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். மீன் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை.

அது என்ன டப்பா என்று நீங்கள் கேட்பீர்கள். மாதா கோயில் வளாகத்தில் பெண்களுக்கு முகாம் போட்டார்கள். குடலில் புற்றுநோய் இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள, விரல் அளவில் ஒரு டப்பா கொடுத்தார்கள். வீட்டில் மலத்தில் துளி எடுத்து அதில் போட்டு, திருப்பிக் கொடுக்கும்வரை குளிர்ச்சியில் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் அது காட்டுமாம். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் எல்லாரும் வாங்குங்கள் என்றார் நர்ஸ்.

நான் கூச்சப்பட்டு ஒதுங்கிக்கொண்டேன். அமலி வாங்கினாள். சொன்னபடி எடுத்து, துணியில் சுற்றி, ஃபிரிட்ஜ் கதவில் வைத்தாள். "மதினி, நாளைக்குக் கோயிலுக்குப் போகையில நீங்களே குடுத்துருங்க. எனக்குக் காலம்பற வேலை."

மறுநாள் மாதா கொடியேற்றம். அதற்கு முன் வீட்டைக் கழுவி, ஃபிரிட்ஜில் மீன் வாசம்கூட இல்லாமல் துடைத்து வைப்பது எங்கள் வழக்கம். திருநாள் முடியும்வரை கவிச்சி கிடையாது. கோயிலில் எல்லாருக்கும் போடும் அசனத்துக்குக் கொடுக்க வேண்டிய பால் உள்ளே இருந்தது. அதே ஃபிரிட்ஜின் தலைமேல்தான் மாதா சொரூபம்.

மாதாவின் காலடியில் மலமா... எனக்கு உடம்பு கூசிற்று. எடுத்தேன், குப்பை வண்டியில் போட்டேன். வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

என்ன பக்தி பாருங்கள்! பிள்ளை பெற்று, அதன் பீத்துணியைக் கசக்கிப் பிழிந்தவள்தானே மாதாவும்? இது அன்றைக்கு ஏன் என் மரமண்டைக்கு எட்டவில்லை?

அமலியிடம் போன் கிடையாது. முகாமில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். நர்ஸ் கூப்பிட்டார். "அமலியோட டப்பா மட்டும் வரலியேக்கா. வேற ஒண்ணு தரட்டுமா?"

அப்போதாவது சரிசெய்திருக்கலாம் இல்லையா? "அவ வேண்டாம்னுட்டா" என்றேன்.

சாயங்காலம் அமலி கேட்டாள். "என்ன மதினி சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம். நிம்மதியா இரு."

அதன்பிறகு எத்தனையோ மாதம் கழித்து அவளுக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. வயிறு சில நாள் இறுகும், சில நாள் இளகும். ஆளும் மெலிந்தாள். டாக்டரிடம் போவோமா என்று கேட்டேன். கேட்காமல் இல்லை.

"உக்காந்தே இறால் உரிச்சா மூலம் வராம வேற என்ன வரும்? பெரிய வியாதின்னா அன்னைக்கே டப்பாவுல தெரிஞ்சிருக்கும்லா. சும்மா கிடங்க மதினி."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போய், மூலத்துக்கு நல்லது என்று கருணைக்கிழங்கு வாங்கிவந்து மசியல் வைத்துக் கொடுத்தேன். புற்றுநோய்க்குக் கருணைக்கிழங்கு...

வேலையிடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். புற்று வந்த குடல் பகுதியை வெட்டி எடுத்தார்கள். இப்போது அவள் வயிற்றில் ஒரு பை தொங்குகிறது. மலம் அதில்தான் சேரும். முதலில் கொஞ்ச நாள் அதை நான்தான் கழுவிவிட்டேன். அன்றைக்குத் துளி மலத்துக்குக் கூசியவள்!

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். முழங்காலில் நின்று சொல்லி முடித்திருப்பேன். அவரோ, "அவகிட்டயே போய்ச் சொல்லும்மா. அதுதான் உனக்கு அபராதம்" என்றார். அதை இன்றுவரை நான் செய்யவில்லை.

இதோடு போயிருந்தால்கூட என் பாவம் என்னோடு என்று இருந்திருப்பேன். இந்த வருடம் மறுபடி முகாம் வந்தது. அமலி வாசலில் நின்று தெருப் பெண்களிடம் சொல்கிறாள். "ஏளா, அந்த டப்பால்லாம் சும்மா. எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான சொல்லிச்சு? இப்ப பாரு, பையைச் சுமந்துகிட்டு அலையுதேன்."

பட்டவள் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? எதிர்வீட்டு மரியா, ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போய் மூச்சு வாங்குகிறவள், டப்பா வாங்காமல் திரும்பிவிட்டாள். அவளுக்குப் பின்னாலேயே இன்னும் எத்தனையோ பேர். நான் அமலியின் பக்கத்திலேயே நின்றேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு?

நீங்களாவது கேளுங்கள். டப்பா பொய் சொல்லவில்லை. அது போய்ச் சேரவே இல்லை. கொடுத்தால் வாங்குங்கள். ரத்தம் கண்ணுக்கே தெரிந்தால் டப்பாவுக்கும் காத்திருக்காதீர்கள், மூலம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். முகம் தெரியாத உங்களுக்கு எழுத வருகிறது. அடுத்த அறையில் படுத்திருப்பவளிடம் சொல்ல வரவில்லை.

இந்தத் தடவை எனக்கென்று ஒரு டப்பா வாங்கினேன். பாலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

நேற்று அமலி ஃபிரிட்ஜைத் திறந்தவள், அதைப் பார்த்துச் சிரித்தாள். "எதுக்கு மதினி இது? பொய் சொல்லுத டப்பா."

"இருக்கட்டும்" என்றேன்.