ஹோம் என்றால் வீடு

தொண்ணூறுகளின் கடைசியில், திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தையல் பள்ளி இருந்தது. சாயங்காலம் மெஷின்களை ஓரம் தள்ளிவிட்டு, பெண்களுக்கு இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள். என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவர் என் கணவர். மணலியில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு ஆந்திரா, ஒரிசா வரை டேங்கர் லாரி ஓட்டியவர் அவர்.

"எனுக்கு இந்தி வரும், தெலுங்கு வரும். நம்ம வூட்ல இங்கிலீஷ் ஒண்ணுதான் இல்ல. நீ கத்துகினு வாமே" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெஞ்சில் உட்காரவே கூச்சமாக இருந்தது. டீச்சர் சின்னப் பெண். கதவைத் தொட்டு "டோர்" என்பாள், ஜன்னலைத் தொட்டு "விண்டோ" என்பாள். சாப்பிடுவதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோய் "ஈட்" என்பாள். நாங்கள் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வோம்.

டிரிப் இல்லாத நாட்களில் அவர் வாசலிலேயே காத்திருப்பார்.

"இன்னிக்கு இன்னா சொல்லிக் குட்த்தாங்கோ?"

"இது டோர். இது வால். இது பக்கெட்."

"பக்கெட்டு நம்ம வார்த்தைமே! அத்த எதுக்கு கிளாஸ் வச்சி சொல்லித் தர்றாங்கோ?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாப்பிட்டு முடித்ததும் பேச்சும் முடிந்துவிடும் வீடு அது. அந்த மாதங்களில் மட்டும் விளக்கணைத்த பிறகும் பேச்சு ஓடியது. "வூடுன்னா இன்னா?" என்று கேட்பார். "ஹோம்." "சோறு?" "ரைஸ்." சொன்னதை அவர் மறப்பதில்லை. நான்தான் மறப்பேன்.

அப்போதே அவருக்கு இருமல் இருந்தது. வண்டிப் புகை, பீடி என்று ஏதாவது காரணம் சொல்வார். தெருமுனை டாக்டர் டானிக் கொடுத்தார். பிறகு சட்டை தொளதொளவென்று ஆனது. லாரியில் ஏறும்போது பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார் என்று கிளீனர் வந்து சொன்னான். ஒருநாள் காலையில் இருமித் துப்பியதில் ரத்தம் வந்தது. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்தார்கள், டெஸ்டுக்குச் சதை எடுத்தார்கள், மறுபடி வரச் சொன்னார்கள்.

போனோம். அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் நின்றேன். வயதான டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற இளம் பெண் டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினார். நீளமாகப் பேசியதில் பெரும்பாலும் எனக்கு விளங்கவில்லை. நடுநடுவே மட்டும் தெரிந்த வார்த்தைகள் வந்து விழுந்தன. டூ லேட். டேக் ஹிம் ஹோம். ஈட். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "மாத்திரை எழுதித் தரேன். வீட்டுலயே இருந்து சாப்பிடட்டும். பிடிச்சதை எல்லாம் சமைச்சுப் போடும்மா."

வெளியே பஸ் ஸ்டாப்பில் வெயில் கொளுத்தியது. "இன்னா சொன்னாங்கோ?" என்று கேட்டார்.

"மருந்து மாத்திக் குட்த்துகிறாங்க. ரெஸ்ட் எடுத்தா சரியாப்பூடுமாம்."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பஸ் ஒன்று வந்து நின்று போனது. இரண்டு பேருமே ஏறவில்லை.

"ஹோமுன்னா வூடுதானமே?" என்றார்.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர்தான் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். "சரி வுடு. அடுத்த வண்டில ஏறிக்கலாம்."

அதற்குப் பிறகு நாங்கள் நோயைப் பற்றிப் பேசவில்லை. காசிமேட்டுக்கு விடிகாலையில் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்து குழம்பு வைப்பேன். வாசனைக்கு எழுந்து உட்காருவார், இரண்டு வாய் சாப்பிடுவார். வகுப்புக்குப் போகமாட்டேன் என்றால் கோபம் வரும். "போய்க் கத்துகினு வா. நானு இன்னா பண்ணிகினு கீறேன், சும்மா பட்த்துகினுதான கீறேன்?" பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுப் போவேன். அங்கே இருக்கும் நேரமெல்லாம் என் காது தெருப்பக்கமே இருக்கும்.

ஒரு சாயங்காலம் அவரே கேட்டார்: "மூச்சுக்கு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டீச்சரைக் கேட்டு வந்து சொன்னேன். "பிரெத்." கடைசி எழுத்துக்கு நாக்கைப் பல்லிடுக்கில் வைக்க வேண்டும் என்று வைத்துக் காட்டினேன். அவரும் வைத்துப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது.

ஐப்பசி மழையில், நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த காலையில் அவர் போய்விட்டார். லாரிக்காரர்கள்தான் எல்லாம் செய்தார்கள். டீச்சர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பொங்கல் கழிந்ததும் மறுபடி வகுப்புக்குப் போனேன். படிக்கும் ஆசையெல்லாம் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மற்றவர்கள் முழு வாக்கியம் பேசப் பழகிவிட்டிருந்தார்கள். எனக்கு உதிரி வார்த்தைகள்தான் தெரியும். டீச்சர் ஒன்றும் கேட்காமல் முன் பெஞ்சில் இருந்தவர்களை நகர்ந்து எனக்கு இடம் விடச் சொன்னாள். அன்றைக்கு நடத்தியது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஆனாலும் மறுநாளும் போனேன்.