திருச்சிக்குப் போகாத ஸ்கேன்

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் தானாகப் போக ஸ்கிரிப்ட் எழுதுவது என் தொழில். போகாதபோது முழிப்பதும் அதில் சேர்த்தி. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அனுப்பியாச்சு

இலுப்பூரில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே எடுக்கும் படங்களை என் ஸ்கிரிப்ட் திருச்சி டாக்டரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். புது மெஷினுக்குப் பூஜை போட்ட அன்று, சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரைக் கொண்டுவந்தார்கள். தலைக்குள் ரத்தம் கசிகிறதா என்று டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் மேற்கொண்டு வைத்தியம். படமோ போய்ச் சேரவில்லை.

புதுக்கோட்டையில் உட்கார்ந்தபடியே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். பிழை எதுவும் இல்லை, எல்லாம் அனுப்பியாச்சு என்றது ஸ்கிரிப்ட். ஆபரேட்டர் செல்வி போனில் கேட்டார்: "இது அனுப்பியாச்சுங்குது, டாக்டர் வரலைங்கிறாரு. ரெண்டுல யாரு சார் பொய் சொல்றா?"

பத்து நிமிடம்

பாஸ்வேர்டைப் பார்த்தேன், நெட்டைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடியது. ஆகா, இதுதான் வில்லங்கம் என்று திருத்தினேன். அப்போதும் போகவில்லை. சோதனைக்கு வேறொரு ஃபைலை அனுப்பினேன். அது நொடியில் போனது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கொத்தனாரின் மனைவி அழுவது போனில் கேட்க, பயமும் சேர்ந்துகொண்டது. கடிகாரத்தில் கைவைத்தது யார் என்று செல்வியிடம் எரிந்து விழுந்தேன். "நாந்தான் சார். முன்னாடி வச்சாத்தானே வேலை நேரத்துக்கு முடியும்?"

முதல் எழுத்து

கடைசியில் ஃபைல் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன். தேதியில் தொடங்கும் ஃபைலைத்தான் என் ஸ்கிரிப்ட் எடுக்கும்; சோதனை ஃபைலுக்கும் அப்படித்தான் பெயர் வைத்திருந்தேன். இது 'உ' என்று தொடங்கியது. புது மெஷினில் முதல் படமாயிற்றே என்று செல்வி பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார். எடுக்க எதுவுமே இல்லாததால், பாக்கியும் இல்லை, பிழையும் இல்லை என்று ஸ்கிரிப்ட் நிம்மதியாக இருந்திருக்கிறது.

அந்தச் சுழியை அழிக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார். நானே இங்கிருந்து அழித்திருக்கலாம். எனக்கும் கை வரவில்லை. ஸ்கிரிப்டைத் திருத்தினேன், படம் போனது. ரத்தக்கசிவு, உடனே கொண்டுவாங்க என்றார் டாக்டர். அன்றே ஆபரேஷன், ஆள் பிழைத்துக்கொண்டார். அழிக்கச் சொன்னபோது செல்வி கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "அந்த அக்கா வெளிய தாலியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. இந்த நேரத்துல பிள்ளையார் சுழிய அழிக்கச் சொல்றீங்களே, ஒங்களுக்கு எப்படி சார் மனசு வருது?"

அன்றிலிருந்து என் ஸ்கிரிப்ட் எந்த ஊரில் ஓடினாலும், முதலில் பிள்ளையாரைத் தேடிவிட்டுத்தான் தேதியைத் தேடுகிறது.