மூடி வைத்த குரல்

மயிலிட்டியில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பாட்டு வெளியிடுவார்கள். அந்த முறை ஐந்து பாட்டு. பாட என்னைக் கேட்டார்கள்.

சுன்னாகத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் அண்ணை எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, தன் எட்டு ட்ராக் மெஷினை அவர்தான் விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு ஒலியும் தனித்தனி ட்ராக்கில் பதியும்: மிருதங்கம் ஒன்றில், வயலின் ஒன்றில், குரல் ஒன்றில். ஒன்றைத் திருத்தினாலும் அழித்தாலும் மற்றது அசையாது. எனக்கு அதுவே பயம்.

"கை தவறி என்ரை குரல் அழிஞ்சுபோனால், அண்ணை?"

"நீ பாடு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

முதலில் நான் பாடினேன். பிறகு ஒவ்வொருவராக வந்து, ஹெட்போனில் என் குரலைக் கேட்டுக்கொண்டு வாசித்தார்கள். நான் மூச்செடுத்த இடத்தை வயலின்காரர் சின்ன இழுவை ஒன்றால் நிரப்பினார். கொடியேற்றத்தன்று என் குரல் கேட்கும் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

கொடியேறிய காலையில் முதல் இரண்டு பாட்டையும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். மிருதங்கம் வந்தது, வயலின் வந்தது. பிறகு வேறொருவர் பாடினார். கனடாவிலிருந்து வந்து நிற்கும், திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர். நான் மூச்செடுத்த இடத்திலெல்லாம் அவரும் எடுத்தார். மனைவி என்னைப் பார்க்காமல் பிள்ளையின் சட்டையை இழுத்து நேராக்கினாள்.

அடுத்த நாள் சுன்னாகம் போனேன்.

"அண்ணை, என்ரை குரல் எங்கை?"

"உள்ளைதான் கிடக்கு. சத்தம் வெளியிலை வராமல் மூடி வைச்சிருக்கிறன். அவரை வேறை ட்ராக்கிலை ஏத்தினது."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

அவர் வயர் ஒன்றைச் சுருட்டினார். "தெரியும். சொன்னால் நீ மனம் வைச்சுப் பாடுவியே?"

"அப்ப அழியுங்கோ."

"இப்ப ஏலாது. மிச்ச மூண்டையும் அவர் ஹெட்போனிலை உன்னைக் கேட்டுத்தான் பாடவேணும். மனுசனுக்குச் சுருதி நிக்காது."

அப்போதே அந்த மூன்றையும் பாட உபயகாரரும் வந்துவிட்டார். "மாதிரிக்குப் பாடின தம்பியோ? நல்ல குரல். மூண்டாவது பாட்டிலை அந்த மேல்ஸ்தாயி இடத்தை எப்பிடிப் பிடிக்கிறீர்?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கோயில்காரர் கோபித்து, அடுத்த முறை கூப்பிடாவிட்டால் என்ற நினைப்பு வந்தது. பாடிக் காட்டினேன். அண்ணை றெக்கோட் பட்டனைத் தொடவில்லை; இந்த முறை மூடி வைக்கவும் ஒன்றும் இல்லை.