துரும்பு கிள்ளிய காட்சி

1937-ஆம் வருஷம் மாசி மாதம் வரைக்கும் அத்தாயியின் வழக்கம் இதுதான். கொட்டகையில் விளக்கு அணைந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். உள்ளே இரண்டு உருண்டை இலவம் பஞ்சு இருக்கும். திரைக்குப் பக்கத்தில் நிற்கும் மாணிக்கம் தகரக் குழாயை வாய்க்குத் தூக்குவதற்குள் இரண்டும் காதுக்குள் இறங்கிவிடும். பிறகு நிம்மதியாக ஆங்கிலப் படம் பார்ப்பாள்.

அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழிலும் தெரியாது.

ஊர் கொல்லிமலையில் திருப்புலி நாடு. வயது நாற்பதை ஒட்டி. மிளகையும் வாழைத்தாரையும் தலைச்சுமையாகக் காரவள்ளி வழியே இறக்கி, சேந்தமங்கலம் சந்தையில் விற்றுவிட்டு, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொள்வாள். மறுநாள் விடிந்தால்தான் மலையேற முடியும். நடுவில் கிடைக்கும் மாலைப்பொழுது வெங்கிடுசாமியின் கூடாரக் கொட்டகைக்கு. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் சம்மணமிடுவாள். தமிழ்ப் படம் என்றால் கொட்டகைப் பக்கமே போகமாட்டாள். "அதுல பாடிக்கிட்டே இருக்கறாங்க. எப்ப நிறுத்துவாங்கன்னு காத்துக் கெடக்கோணும்."

மாணிக்கம் கெட்டிக்காரர். சேலத்தில் மூன்றாம் பாரம் வரை படித்தவர். வெள்ளைக்காரர்கள் திரையில் பேசுவதில் பாதி அவருக்குப் புரியும். மீதியைச் சொந்தச் சரக்கால் நிரப்பி, குழாய் வழியே தமிழில் கதை சொல்வார். அந்தக் குரல் நின்றால் சனம் காசைத் திருப்பிக் கேட்கும் என்பது கொட்டகை முதலாளி வெங்கிடுசாமியின் பயம். பட்டணத்தில் செய்கிறார்களாம் என்று, கண்ணாடித் தகட்டில் தமிழ் எழுதித் திரையோரம் காட்டலாமா என்றும் யோசித்தார். அத்தாயியிடமே கேட்டார்.

"ஏனுங்க, நானு எழுத்தைப் பாக்கறதா, மூஞ்சியைப் பாக்கறதா?"

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"படிச்சவிய பாடு அதைவிட மோசமுங்க. தலையைக் குனிஞ்சு படிச்சுட்டு நிமுந்தா, அழுதவ சிரிச்சுட்டிருப்பா."

அவள் பார்ப்பதெல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு படத்தில், பித்தளைப் பொத்தான் சட்டையோடு குதிரையில் வந்தவனை மாப்பிள்ளை என்றே கடைசிவரை நம்பினாள். அவன் போலீஸ்காரன். பெண்ணின் அண்ணனுக்கு விலங்கு மாட்டி இழுத்துப் போனபோதும் அவள் அசரவில்லை. "பொண்ணு தரமாட்டேன்னிருப்பான்" என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். வெளியே வந்ததும் இதைக் கேள்விப்பட்ட மாணிக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தாயி காதுப் பஞ்சை எடுத்துவிட்டு அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றாள்.

"தப்பாவே இருந்துட்டுப் போகட்டுமுங்க. நானு பாத்தது என்னுது."

தகராறு மாசி முதல் சந்தையில் வந்தது. படத்தில் ஒரு பெரிய வீடு. புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் நிற்கிறார்கள். அவன் ஏதோ சொல்கிறான், அவள் பேசவில்லை. அவன் கையில் காய்ந்த குச்சி ஒன்று. பேசிக்கொண்டே அதை ஒடித்துக் கீழே போடுகிறான். அடுத்த காட்சியில் அவள் வேறொருவனோடு குதிரை வண்டியில் போகிறாள். முகத்தில் சிரிப்பு.

மாணிக்கம் குழாயில் முழங்கினார். "கட்டிய கணவனைத் தவிக்க விட்டு ஓடுகாலி ஓடுகிறாள், பாருங்கள்!"

அந்தச் சொல் பஞ்சைத் தாண்டி உள்ளே போயிற்று. அத்தாயி பஞ்சைப் பிடுங்கிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஓடலீங்க. அவந்தான் துரும்பு கிள்ளிப் போட்டானே. அனுப்பி வெச்சுட்டான். முறையாத்தான் போறா."

பின்னால் பெஞ்சில் இருந்த பொங்கியண்ணன், அவளிடம் மிளகு வாங்கும் வியாபாரி, சத்தமாகச் சொன்னார்: "ஏ அத்தாயி, உன்ற கதையும் இதுதானே. சென்றாயனை உட்டுப்போட்டு ஓடியாந்தவதானே நீ."

கொட்டகை முழுக்கச் சிரித்தது.

சென்றாயன் அவளுடைய முதல் புருஷன். அவள் ஊரில், சேர்ந்து வாழ முடியாதவர்கள் ஊர்க் கவுண்டர் முன்னால் நிற்பார்கள். புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிக் கீழே போடுவான். அதோடு கட்டு அறுந்தது. இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். சென்றாயன் பட்டப்பகலில், ஊர் பார்க்கக் கிள்ளிப் போட்டான். பிறகுதான் சின்னராசு அவளுக்குத் தாலி கட்டினான். மலையில் இதைப் பற்றி யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. மலையை விட்டு இறங்கினால் இதற்கே ஓடுகாலி என்று பேர். மிளகுக் கடையில் அந்தப் பேரைப் பல வருஷம் கேட்டும் கேளாதவள்போல இருந்திருக்கிறாள். தகரக் குழாயில் கேட்டது அன்றுதான்.

வெங்கிடுசாமி ஓடி வந்தார். "வெள்ளைக்காரனுக்கு ஏது துரும்பு? கோவத்துல குச்சியை ஒடிச்சான், அவ்வளவுதான்."

அவர் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும்.

"அவனுக்கு இல்லாட்டிப் போகுதுங்க. எனக்கு இருக்குது."

"இன்னொருக்கா வாயைத் தொறந்தீன்னா இந்தக் கொட்டகையில உனக்கு டிக்கெட்டே கிடையாது."

"சரீங்க. தொறக்கல."

வீட்டுக்குப் போனதும் சின்னராசு சமாதானம் சொல்லிப் பார்த்தான். "உடு கண்ணு, படந்தானே."

"படத்தை ஆரு சொன்னா? அந்தப் பேரைக் குழாயில ஊருக்கே ஊதறாரு. நாளைக்கு அது மலை ஏறி வந்து நம்ம புள்ளைகளையும் ஒட்டிக்கும்."

அடுத்த சந்தைக்கும் அதே படம். சனத்துக்குப் பிடித்துவிட்டது. டிக்கெட் கொடுக்கும்போது வெங்கிடுசாமி உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அத்தாயி தலையாட்டிவிட்டு உள்ளே போய், மலையிலிருந்து இறங்கிய மற்றப் பெண்களோடு மணலில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. மாணிக்கம் சொன்ன அத்தனையையும் வெறுங்காதோடு கேட்டாள்.

வாசல் காட்சி வந்தது. குச்சி ஒடிந்தது. வண்டி புறப்பட்டது. "கட்டிய கணவனை..." என்று குழாய் ஆரம்பித்தது.

அத்தாயி எழுந்து திரையோரம் நடந்தாள். அவள் நிழல் குதிரையின்மேலும் வண்டியின்மேலும் ஊர்ந்து போயிற்று. மாணிக்கத்துக்கு நேர் எதிரே நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பஞ்சு இல்லை. காய்ந்த சாமைத் துரும்பு ஒன்று இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து, எல்லாரும் பார்க்க இரண்டாகக் கிள்ளி, அவர் காலடியில் போட்டாள். வாயைத் திறக்கவில்லை.

முதலில் சிரித்தவர்கள் மலைப் பெண்கள். அப்புறம் தரை முழுக்க. கடைசியில் பெஞ்சும் சிரித்தது. என்ன சமாசாரம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மாணிக்கத்தின் கையில் குழாய் தாழ்ந்துவிட்டது. வண்டி திருப்பம் தாண்டி மறையும் வரைக்கும் அது மேலே போகவில்லை. அதற்குள் அத்தாயி தன் மணல் மேட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

அவள்தான் வாயைத் திறக்கவில்லையே. அடுத்த சந்தை நாளில் வெங்கிடுசாமி அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.